கயிற்றில் நிற்கும் பசு கத்தும்போது

கோட்டுகால், நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பக்கத்துக் கிராமங்களில் பெரும்பாலான வீடுகளுக்குப் பெரிய நிலம் இல்லை. பத்துத் தென்னை இருக்கும். கொஞ்சம் வாழையும் மரச்சீனியும் இருக்கும். தென்னையின் அடியில் ஒரு பசு கட்டியிருக்கும். அந்தப் பசு கறக்கும் பாலில்தான் வீட்டுக்குக் கைச்செலவுப் பணம் வருகிறது. கன்று ஈன்றால்தான் பசு பால் தரும். சினை பிடித்தால்தான் கன்று ஈனும். பசு எப்போது சினைக்குத் தயாராகிறது என்பதைத் தெரிந்துகொள்வதில்தான் மாடு வளர்ப்பின் லாபமும் நஷ்டமும் இருக்கின்றன.

இதைத் தமிழில் பருவத்துக்கு வருதல் என்பார்கள். மலையாளத்தில் மதி என்பார்கள். 1956-ல் மாநில எல்லை பிரிந்தபோது நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தோடு நின்றது. அதனால் இங்கே மாட்டைப் பற்றிய பேச்சில் இரண்டு சொல்லும் புழங்கும்.

காளை இல்லாத ஊர்

முன்காலத்தில் பருவத்தை மனிதர்கள் இவ்வளவு கவனிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. ஊரில் காளை இருந்தது. பசுவின் வாசனையை வைத்தே காளை கண்டுபிடித்துவிடும். நாளும் நேரமும் அதற்குத் தெரியும். யாரும் சொல்லித்தர வேண்டாம்.

பிறகு நிலைமை மாறியது. கேரளத்தில் 1961-ல் கால்நடை அபிவிருத்திச் சட்டம் வந்தது. உரிமம் இல்லாத காளைகளைக் காயடிக்க அந்தச் சட்டம் வழி செய்தது. 1963-ல் சுவிட்சர்லாந்து நாட்டுடன் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. மூணாறு அருகே மாட்டுப்பட்டியில் ஒரு பண்ணை உருவானது. அந்த நாட்டுப் பிரவுன் சுவிஸ் காளைகளை நம் நாட்டுப் பசுக்களோடு சேர்த்தார்கள். அதிலிருந்து வளர்ந்த கலப்பினத்துக்குச் சுநந்தினி என்று பெயர். பால் பெருகியது. ஆனால் நாட்டு மாடுகள் குறைந்தன. குட்டையான வெச்சூர் பசு ஏறக்குறைய அழிந்தே போயிற்று. 1989-ல் மண்ணுத்தியில் வேளாண் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் சோசம்மா ஐப்பும் மாணவர்களும் தேடி அலைந்து, மிஞ்சியிருந்த சில மாடுகளைச் சேர்த்து அந்த இனத்தைக் காப்பாற்றினார்கள்.

இப்போது பெரும்பாலான வீடுகளில் பசுவுக்கு ஊசிதான். காளையின் விந்து சிறு குச்சிகளில் அடைக்கப்படுகிறது. பூச்சியத்துக்குக் கீழே 196 டிகிரி குளிரில் திரவ நைட்ரஜனில் அது வைக்கப்படுகிறது. கொல்லம் மாவட்டம் குளத்துப்புழையில் இதற்கென ஒரு நிலையம் இருக்கிறது. இந்தியாவில் இந்த முறை முதன்முதலில் 1939-ல் மைசூர் அரண்மனைப் பால்பண்ணையில் நடந்தது. ஊசி என்று சொன்னாலும் இது தோலில் குத்தும் ஊசி அல்ல. நீண்ட மெல்லிய குழாய் வழியாகக் கருப்பைக்குள் விந்து செலுத்தப்படுகிறது.

மிருக ஆஸ்பத்திரியில் விந்து இருக்கிறது. போடுவதற்கு ஆளும் இருக்கிறார். ஆனால் பசு பருவத்தில் இருக்கிறது என்று அவருக்கு யார் சொல்வது? காளை செய்த வேலையை இப்போது வீட்டுக்காரர்களின் கண்தான் செய்ய வேண்டும்.

21 நாள் கணக்கு

பசுவின் வயிற்றுக்குள், கருப்பையின் இரு பக்கமும் இரண்டு சினைப்பைகள் உள்ளன. அவற்றில் சிறு முட்டைகள் இருக்கின்றன. ஒரு முட்டை முதிரும்போது பசு பருவத்துக்கு வருகிறது. முட்டை வெளிவந்த இடத்தில் மஞ்சள் நிறமான ஒரு சிறு கட்டி உண்டாகிறது. கரு தங்கினால் அந்தக் கட்டி கன்று பிறக்கும்வரை இருந்து கருவைக் காக்கும். கரு தங்காவிட்டால், ஏறக்குறைய 17 நாள் ஆனதும் கருப்பை ஒரு சுரப்பை அனுப்பி அந்தக் கட்டியைக் கரைத்துவிடும். அடுத்த முட்டை முதிரத் தொடங்கும். மறுபடியும் பருவம் வரும்.

இந்தச் சுற்று சராசரியாக 21 நாள். சில பசுவுக்கு 18 நாளாக இருக்கும். சிலதுக்கு 24 நாள் ஆகும். பருவம் நீடிப்பதோ 12 முதல் 18 மணி நேரம் மட்டுமே. மூன்று வாரத்தில் ஒரு நாள்கூட முழுதாக இல்லை. அதுவும் பெரும்பாலும் இரவிலோ விடியற்காலையிலோதான் நன்றாகத் தெரியும். பகல் வெயிலில் பசு அடங்கி நிற்கும். காலை ஒன்பது மணிக்கு எழுந்து வந்து பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது.

பசு என்ன சொல்கிறது?

பருவத்தில் இருக்கும் பசு கத்தும். பசிக்குக் கத்துவது வேறு, இது வேறு. தீனி வைத்த பிறகும் கத்தும். நிலையில் நிற்காது. கயிற்றை இழுக்கும். தீனி குறையும். பாலும் அன்றைக்குக் குறையும். அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக மூத்திரம் விடும். பிறப்புறுப்பின் உதடுகள் தடித்து, உள்ளே சிவந்திருக்கும்.

எல்லாவற்றிலும் தெளிவான அடையாளங்கள் இரண்டு. ஒன்று வழும்பு. முட்டையின் வெள்ளைக்கருவைப் போல, கண்ணாடி போலத் தெளிவாக, அறுந்துபோகாமல் கயிறாக அது தொங்கும். வாலிலும் பின்தொடையிலும் ஒட்டியிருக்கும். பசு படுத்து எழுந்த இடத்தில் தரையில் கிடக்கும். வழும்பு வெள்ளையாகச் சீழ் போல இருந்தால் அது பருவம் மட்டும் அல்ல, கருப்பையில் நோய் இருக்கலாம். அப்போது ஊசி போடுவதற்கு முன் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இரண்டாவது அடையாளம், மற்ற மாடு மேலே தாவும்போது அசையாமல் நிற்பது. தாவுகிற மாடுதான் பருவத்தில் இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தாவும்போது விலகாமல் நிற்கிறதே, அதுதான் உறுதியாகப் பருவத்தில் இருக்கிறது. ஆனால் ஒற்றைப் பசு வளர்க்கும் வீட்டில் தாவுவதற்கு வேறு மாடு ஏது? ஆகவே கோட்டுகால் போன்ற ஊர்களில் வழும்பையும் கத்தலையும்தான் நம்ப வேண்டியிருக்கிறது. விடியும்போது ஒரு முறை, இரவு படுக்கப்போகும்முன் ஒரு முறை விளக்கோடு தொழுவத்துக்குப் போனால் போதும். நிதானமாக நின்று வாலையும் தரையையும் பார்க்க வேண்டும்.

வாலில் ரத்தம்

இப்படி ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளலாம். மருமகள் 5-ஆம் தேதி காலையில் கறக்கப் போகிறாள். பசுவின் வாலில் ரத்தக்கறை இருக்கிறது. பயந்துபோய் மாமியாரைக் கூப்பிடுகிறாள்.

“மாமி, வாலில் ரத்தம் இருக்கு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஊசி போடட்டுமா?”

“வேண்டாம் மக்களே. முந்தாநாள் ராத்திரி அது கத்தினதை நாம் கவனிக்கல்ல. அது கழிஞ்சு போச்சு.”

மாமியார் சொன்னது சரி. பருவம் முடிந்து ஒன்று முதல் மூன்று நாளுக்குள் சில பசுக்களுக்கு இப்படிக் கொஞ்சம் ரத்தம் வரும். கிடாரிகளுக்கு அதிகம் வரும். இது நோய் அல்ல. ஊசி போட்ட பசுவுக்கு வந்தால், சினை பிடிக்கவில்லை என்பதற்கும் இது அடையாளம் அல்ல. முட்டை வெளிவந்து காலம் கடந்துவிட்டது, அவ்வளவுதான். அன்று ஊசி போட்டால் விந்தும் வீண், அலைச்சலும் வீண்.

ஆனாலும் அந்த ரத்தக்கறை ஒரு நல்ல தகவல் தருகிறது. அந்தப் பசு 2-ஆம் தேதிக்கும் 4-ஆம் தேதிக்கும் இடையில் பருவத்தில் இருந்திருக்கிறது. அதோடு 21 நாள் கூட்டினால் 23 முதல் 25 வரை வரும். மருமகள் சுவரில் தொங்கும் காலண்டரில் 5-ஆம் தேதிக் கட்டத்தில் ‘ரத்தம்’ என்று எழுதுகிறாள். 20-ஆம் தேதியைச் சுற்றி ஒரு வட்டம் போடுகிறாள். அன்று முதல் தினமும் விடியற்காலையில் போய்ப் பார்க்கிறாள். 24-ஆம் தேதி ஐந்து மணிக்குத் தரையில் வழும்பு கிடக்கிறது. பசுவும் கத்துகிறது.

உடனே ஓட வேண்டாம்

பருவத்தைப் பார்த்தவுடன் பசுவை ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு ஓடுவது இன்னொரு பிழை. காலையில் கண்டால் அன்று மாலை ஊசி போட வேண்டும். மாலையில் கண்டால் மறுநாள் காலை போட வேண்டும். 1940-களில் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் பசுக்களை வைத்துச் சோதித்து வகுத்த முறை இது. பல நாடுகளில் இன்றும் இதைத்தான் சொல்லித் தருகிறார்கள்.

அதற்குக் காரணம் இருக்கிறது. முட்டை பருவத்தின் நடுவில் வெளிவருவதில்லை. பருவம் அடங்கி, அதன் பிறகு 10 முதல் 14 மணி நேரம் கழித்துத்தான் வெளிவரும். விடியற்காலை ஐந்து மணிக்குப் பருவம் தொடங்கினால், இரவு எட்டு மணி வாக்கில் அடங்கும். முட்டை மறுநாள் காலை எட்டு மணி வாக்கில்தான் வரும். வந்த முட்டை சில மணி நேரமே உயிரோடு இருக்கும். விந்து உள்ளே போய்த் தயாராவதற்கும் சில மணி நேரம் வேண்டும். பிறகு சுமார் ஒரு நாள் அது உயிரோடு இருக்கும். மாலையில் போட்டால், முட்டை வரும்போது விந்து தயாராகக் காத்திருக்கும்.

மாலையில் ஆள் கிடைக்காத இடங்களும் உண்டு. அங்கே அன்றே நண்பகலுக்குப் பின் போட்டுக்கொள்ளலாம். விட்டுவிடுவதைவிட அது எவ்வளவோ மேல். பசுவை வெயிலில் அடித்து விரட்டிக்கொண்டு போகக் கூடாது. ஊசி போட்ட பின் நிழலில் நிறுத்தித் தண்ணீர் காட்ட வேண்டும். மறுநாளும் கத்தல் அடங்காவிட்டால் ஊசி போட்டவரிடம் சொல்ல வேண்டும்.

ஒரு பருவம் தவறினால்

வருடத்துக்கு ஒரு கன்று என்பது நல்ல கணக்கு. வருடத்துக்கு 365 நாள். பசு சினையாக இருப்பது சுமார் 280 நாள். மீதி 85 நாள்தான். கன்று ஈன்ற பிறகு கருப்பை பழைய நிலைக்கு வர முதல் இரண்டு மாதத்தை ஒதுக்கிவிட வேண்டும். அப்படியானால் மீதி 25 நாள். அந்த 25 நாளில் ஒரு பருவம் வரும், அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டு. அதைத் தவறவிட்டால் இன்னும் 21 நாள் காத்திருக்க வேண்டும். இரண்டு தவறினால் 42 நாள். அத்தனை நாளும் அடுத்த கன்றும் அடுத்த பாலும் தள்ளிப்போகும். புண்ணாக்கும் வைக்கோலும் மட்டும் தள்ளிப்போகாது.

சில பசுக்களுக்குப் பருவம் வரும், ஆனால் கத்தாது. இதை ஊமைப் பருவம் என்பார்கள். கோடை வெப்பத்தில் இது அதிகம். எருமைகளிடம் மிகவும் அதிகம். எருமை கத்துவதும் தாவுவதும் குறைவு. இரவில் அடிக்கடி மூத்திரம் விடுவதையும் உதடுகள் வீங்குவதையும் வைத்தே கண்டுபிடிக்க வேண்டும்.

இன்னும் சில பசுக்களுக்குப் பருவமே வருவதில்லை. விலா எலும்பு தெரிய மெலிந்த பசு முதலில் தன் உயிரைத்தான் காக்கும், கன்றைப் பற்றி அதன் உடல் நினைக்காது. அதற்குத் தேவை குடற்புழு மருந்து, பச்சைத் தீவனம், தாது உப்புக் கலவை. கிடாரிக்கும் இதே கணக்குதான். வயது மட்டும் போதாது, உடம்பும் தேற வேண்டும். கலப்பினக் கிடாரி ஏறக்குறைய 250 கிலோ எடைக்கு வந்த பிறகு ஊசி போடுவது நல்லது.

சினைப் பசுவும் கத்தலாம்

ஊசி போட்ட தேதியைக் கட்டாயம் எழுதி வைக்க வேண்டும். அதிலிருந்து 18-ஆம் நாள் முதல் 24-ஆம் நாள் வரை மறுபடியும் கவனிக்க வேண்டும். பருவம் வந்தால் பெரும்பாலும் சினை தங்கவில்லை என்று பொருள். வராவிட்டால் தங்கியிருக்கலாம். ‘இருக்கலாம்’ என்பதோடு விட்டுவிடக் கூடாது. இரண்டு மூன்று மாதத்தில் மருத்துவர் கைவிட்டுப் பார்த்துச் சொல்வதே உறுதி. மூன்று முறை ஊசி போட்டும் நிற்காத பசுவுக்கு நான்காவது ஊசிக்கு முன் பரிசோதனை தேவை.

இங்கே ஓர் ஆபத்தும் இருக்கிறது. நூற்றில் சில பசுக்கள் சினையாக இருக்கும்போதே பருவத்தின் அடையாளத்தைக் காட்டும். ஊசி நிற்கவில்லை என்று வீட்டுக்காரர் நினைத்துக்கொள்வார். மறுபடியும் ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப்போவார். குழாய் கருப்பைக்குள் போனால் வளரும் கரு கலைந்துவிடலாம். ஐந்து மாதச் சினை ஒரு நிமிடத்தில் போய்விடும். வந்திருக்கும் பசுவுக்கு முன்பு எப்போது ஊசி போடப்பட்டது என்பது ஆஸ்பத்திரியில் இருப்பவருக்குத் தெரியாமல் இருக்கலாம். அந்தத் தேதி காலண்டரில் இருக்கிறது. பசுவைக் கூட்டிப்போகும்போது அந்தக் காலண்டரையோ, தேதி எழுதிய துண்டுச் சீட்டையோ கையில் எடுத்துப்போய், ஊசியைக் கையில் எடுக்கும் முன்பே அவரிடம் காட்ட வேண்டும்.