மணலை அறிந்தவர்

நாஞ்சில் நாட்டார் மணலுக்குப் புதியவர் அல்லர். குமரிமுனையின் பல நிற மணலை அள்ளி மகிழாத சிறுவர் அரியர். ஆயினும் மணலைக் கண்டு மகிழ்தல் வேறு; அதன்மேல் ஊர்தி செலுத்திக் கரைசேர்தல் வேறு. இவ்வேற்றுமையை உணர்த்தும் இடம் இராமேசுவரத் தீவின் தென்கிழக்குக் கோடியிலுள்ள தனுக்கோடி. நெய்தலும் பாலையும் மயங்கினாற்போல், இரு கடல்களுக்கு இடையே நீண்டு கிடக்கும் மணல்வெளி அது.

1914-ஆம் ஆண்டில் அங்குப் புகைவண்டிப் பாதை அமைந்தது. இலங்கையின் தலைமன்னாருக்குக் கப்பலும் சென்றது. அஞ்சலகமும் கோயிலும் தேவாலயமும் கொண்டு ஊர் செழித்திருந்தது. 1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவு வீசிய கடும்புயலில் கடல் ஊருக்குள் புகுந்தது. பயணிகளோடு வந்த புகைவண்டியும் அலைவாய்ப்பட்டது. பொழுது விடிந்தபோது மணலும் இடிந்த சுவர்களுமே எஞ்சின. அது வாழத் தகாத இடம் என அரசு அறிவித்தது.

எனினும் மீனவர் சிலர் அங்குக் குடிசை கட்டி வாழ்ந்தனர். கடலாட விரும்பிய அடியார்களும் வந்தனர். முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் சாலை இல்லை. எனவே ஜீப்புகளும் வேன்களும் மணலிலும் ஆழமற்ற நீரிலும் ஊர்ந்து அவர்களைக் கொண்டு சேர்த்தன.

மணல்வழிச் செலவுக்கு விரைவைவிட அறிவே துணையாகும். உலர்ந்த மணல் சரியும். ஈர மணலோ, நீர் அதன் துகள்களைப் பிணித்து நிறுத்துதலால், உறுதியாக நிற்கும். ஆதலின் மணலில் ஊர்தி செலுத்துவோர் அலை நனைத்த திடமான கரையை நாடுவர். டயரின் காற்றைச் சிறிது குறைப்பர். அப்போது அது பரந்து படிந்து பாரத்தைப் பகிர்ந்து தாங்கும். ஒட்டகத்தின் அகன்ற அடி மணலில் புதையாமையும் இதனாலன்றோ! சிக்கிய சக்கரத்தை விசையுடன் சுழற்றினால், அது தன் குழியைத் தானே தோண்டிக்கொள்ளும். அவ்வேளையில் இறங்கி, மணலை அகற்றி, பலகை இட்டு, மெல்ல நகர்த்துதலே முறை. ஆப்பிரிக்காவின் நமீபியா நாட்டில் மணற்குன்றுகள் கடலை நெருங்கி நிற்கும் இடங்களும் உள. அங்கே நீர் வற்றும் வேளை அறிந்தே ஊர்தி செலுத்துவர்; வேளை தப்பினால் கடல் வழியை மூடிவிடும்.

2017-ஆம் ஆண்டில் அரிச்சல்முனைவரை தார்ச்சாலை திறக்கப்பட்டது. மணலில் ஊர்ந்து செல்லும் தேவை நீங்கிற்று. ஆயினும் தேவாலயத்தின் இடிந்த சுவர்கள் இன்றும் அங்கே நிற்கின்றன. சாலையில் விரைந்து செல்வோர் அவற்றைச் சற்றே நோக்குதல் நன்று. இயற்கையை வென்றோம் எனச் செருக்குதல் தகாது என்பதை அச்சுவர்கள் உணர்த்தும். அடுத்த அடியில் மணல் தாங்குமா, புதைக்குமா என்று ஆய்ந்து சென்ற ஓட்டுநர்களோ, அவ்வுண்மையை நாள்தோறும் உணர்ந்திருந்தனர்.