பழைய பைலில் ஒளிந்திருந்த கிரகம்

டிஜிட்டல் கேமராவில் எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றியதும் அது எண்களின் தொகுப்பாகத்தான் இருக்கும். படம் முழுவதும் பிக்ஸல் என்னும் சிறு கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திற்கும் அதன் பிரகாசத்தைக் காட்டும் எண்கள் உண்டு. எண்கள் என்றால் கூட்டலாம், கழிக்கலாம். இந்தக் கழித்தல் கணக்கின் துணையோடுதான் வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் கிரகங்களை விஞ்ஞானிகள் படமாக்குகிறார்கள். அது எப்படி என்று இங்கு பார்ப்போம்.

கண் கூசும் சிக்கல்

நாம் காணும் ஒளியில் வியாழனை விடச் சூரியன் ஏறத்தாழ 100 கோடி மடங்கு பிரகாசமானது. இதே போன்ற ஒரு ஜோடியைத் தொலைவிலிருந்து பார்த்தால், நட்சத்திரத்தின் ஒளியில் கிரகம் மறைந்துவிடும்.

இதற்குக் கை கொடுப்பது அகச்சிவப்புக் கதிர். சூடான எந்தப் பொருளும் இந்தக் கதிரை வெளியிடும். புதிதாக உருவான கிரகங்கள் இன்னும் சூடு ஆறாமல் இருப்பதால், அகச்சிவப்பில் அவை தாமே ஒளிர்கின்றன. எனவே பிரகாச வித்தியாசம் சில ஆயிரம் மடங்காகக் கூடக் குறையும். ஆனால் பூமியின் காற்று இக்கதிர்களில் பலவற்றைத் தடுத்துவிடும். காற்றே சூடாக இருப்பதால் அதுவும் ஒளிரும். ஆகவேதான் இவ்வகை டெலஸ்கோப்புகளை விண்வெளிக்கு அனுப்புகிறார்கள்.

கழித்தால் கிடைக்கும்

டெலஸ்கோப்பின் உள்ளே நட்சத்திரத்தின் மீது மட்டும் விழும்படி ஒரு சிறு மறைப்பு வைப்பார்கள். அப்படியும் கொஞ்சம் ஒளி சிதறி, புள்ளிகளாகவும் கீற்றுகளாகவும் படத்தில் பதியும். இவை டெலஸ்கோப்பின் கண்ணாடிகளால் ஏற்படுபவை. வேறொரு நட்சத்திரத்தைப் படம் எடுத்தாலும் ஏறக்குறைய இதே கோலம்தான் வரும். எனவே அந்தப் படத்தை இந்தப் படத்திலிருந்து கம்ப்யூட்டர் மூலம் கழித்தால் பொதுவானவை நீங்கிவிடும். கிரகம் மட்டும் மிஞ்சும்.

பத்தாண்டு காத்திருந்த பைல்

எச்.ஆர். 8799 என்ற நட்சத்திரம் சுமார் 130 ஒளியாண்டு தொலைவில் உள்ளது. 2008ல் கிறிஸ்டியன் மாருவா குழுவினர், ஹவாயில் உள்ள கெக், ஜெமினி டெலஸ்கோப்புகள் மூலம் இதைச் சுற்றி மூன்று கிரகங்களைக் கண்டனர். 2010ல் நான்காவதும் தெரிந்தது.

ஆனால் ஹப்பிள் விண்வெளி டெலஸ்கோப் 1998லேயே இந்த நட்சத்திரத்தை அகச்சிவப்பில் படம் எடுத்திருந்தது. அப்போது அதில் எதுவும் தெரியவில்லை. 2009ல் டேவிட் லஃப்ரெனியேர் அந்தப் பழைய பைல்களை எடுத்தார். ஹப்பிள் எடுத்த மற்ற நட்சத்திரங்களின் படங்களைக் கொண்டு, புதிய முறையில் கழித்தார். வெளிக் கிரகம் வெளிப்பட்டது! 2011ல் ரெமி சூமேர் குழுவினர் அதே படங்களில் மேலும் இரண்டைக் கண்டனர்.

இதனால் என்ன லாபம்? அந்த வெளிக் கிரகம் ஒரு சுற்று முடிக்க 400 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதன் பாதையைக் கணக்கிட, பத்தாண்டு முந்தைய இருப்பிடம் கையில் கிடைத்துவிட்டது.

2021 டிசம்பரில் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் டெலஸ்கோப்பும் கழித்தல் முறையையே பயன்படுத்துகிறது. அது நேரடியாகப் படமெடுத்த முதல் வெளிக் கிரகத்தின் படங்கள் 2022ல் வெளியாயின. 2025ல், டி.டபிள்யூ.ஏ. 7 என்ற நட்சத்திரத்தின் அருகே, சனியைப் போன்ற எடையுள்ள கிரகம் இருப்பதற்கான சான்றும் கிடைத்தது. இந்தப் படங்களில் நாம் பார்க்கும் நிறங்கள் பின்னர் சேர்க்கப்பட்டவை. அகச்சிவப்பு நம் கண்ணுக்குத் தெரியாதே!

நீங்களும் செய்து பாருங்கள்

இதற்கு ஜிம்ப் என்ற இலவச சாப்ட்வேர் போதும்.

1. கேமராவை அசையாமல் வைத்து மேஜையைப் படம் எடுங்கள். பிளாஷ் வேண்டாம்.

2. மேஜை மீது ஒரு நாணயம் வைத்து, கேமராவை நகர்த்தாமல் மீண்டும் எடுங்கள்.

3. ஜிம்ப்பில் பைல் மெனு சென்று, ஓப்பன் ஆஸ் லேயர்ஸ் கிளிக் செய்து இரண்டு படங்களையும் தேர்ந்தெடுங்கள்.

4. லேயர்ஸ் பகுதியில் மேல் லேயரைத் தேர்ந்தெடுத்து, மோட் என்ற இடத்தில் டிஃபரன்ஸ் என மாற்றுங்கள்.

மேஜை ஏறக்குறைய கருப்பாகிவிடும். நாணயம் மட்டும் தெரியும். கேமரா சிறிது அசைந்திருந்தாலும் மேஜையின் ஓரங்கள் கோடுகளாகத் தெரியும். விஞ்ஞானிகளுக்கும் இதே தொல்லைதான். அதனால்தான் டெலஸ்கோப் துளியும் ஆடாமல் பார்த்துக் கொள்கிறார்கள்.

இன்னொன்றையும் பழக்கமாக்கிக் கொள்ளுங்கள். படத்தைத் திருத்தும் முன் அதன் நகலை எடுத்து, நகலில் மட்டும் வேலை செய்யுங்கள். ஒரிஜினல் பைலைத் தனி போல்டரில் தொடாமல் வையுங்கள். 1998ன் பைல்களை அப்படிப் பாதுகாத்ததால்தான் 2009ல் கிரகம் கிடைத்தது.