சக்கரம் ஆடினால் புஷ்ஷைப் பாருங்கள், பில்லையும் தேடுங்கள்

நமது தோட்டங்களில் சில வாலிபப் பிள்ளைகள் புல் வெட்டும் மெஷின் வாங்கி, பங்களா, பாடசாலை மைதானம், ஹோட்டல் என்று கூலிக்கு வெட்டிக் கொடுக்கிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் கொஞ்ச நாளில், "சக்கரம் ஆடுது, கடைக்காரர் வாரண்டியில வராதுங்கிறார்" என்ற முறைப்பாடும் வருகிறது. அதைப் பற்றி இம்முறை படிப்போம்.

சக்கரத்தின் நடுத் துளைக்கும் அச்சுக்கும் இடையில் சின்னக் குழாய் மாதிரி ஒரு துண்டு இருக்கும். அதுதான் புஷ். சிலவற்றில் நைலோன், சிலவற்றில் வெண்கலம். விலை கூடிய மெஷின்களில் புஷ்ஷுக்குப் பதிலாகப் பெயாரிங் போட்டிருப்பார்கள். புஷ் தேய்ந்தால்தான் அச்சு தப்பும். மலைநாட்டிலோ மழை, ஈரப்புல், சரிவு. மண் உள்ளே புகுந்து அரம் மாதிரி அராவும். சரிவில் குறுக்காகத் தள்ளினால் பாரம் கீழ்ப்பக்கச் சக்கரங்களில் இறங்கும், அவை முந்தித் தேயும். புஷ் போனால் மெஷின் சாய்ந்து, ஒரு பக்கம் புல் மொட்டையாகவும் மறுபக்கம் உயரமாகவும் நிற்கும்.

சோதிக்குமுன் பிளக் வயரைக் கழற்றுங்கள். அதைக் கழற்றாமல் மெஷினுக்கு அடியில் கை வைக்கவே கூடாது. பிறகு சக்கரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஆடுகிற ஒன்றை மட்டுமல்ல, நான்கையும் ஆட்டிப் பாருங்கள். வழக்கே இங்கேதான் இருக்கிறது. நான்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஆடினால் அது பாவித்த தேய்மானம். கடைக்காரர் மறுத்தால் அவர் பக்கமும் நியாயம் உண்டு. மூன்று இறுக்கமாக இருந்து ஒன்று மட்டும் சில வாரத்தில் ஆடினால், துளை பெரிதாகவோ புஷ்ஷே இல்லாமலோ வந்திருக்கலாம். அப்போது உறுதியாகப் பேசலாம்.

வாரண்டி அட்டையில் சிறிய எழுத்தில் இரண்டு விஷயம் இருக்கக்கூடும்: தேயும் பாகங்களுக்குப் பொறுப்பில்லை, வீட்டுப் பாவனைக்கு மட்டும். கூலிக்கு வெட்டுகிறவர்கள் இதை வாங்குமுன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

வாரண்டி இருக்கும்போது லேத் கடைக்குப் போகாதீர்கள். "வெளியே கழற்றிட்டீங்க" என்று சொல்ல அதுவே போதும். தேய்ந்த புஷ்ஷை வீசிவிடாமல் பில்லோடு சேர்த்து வையுங்கள். மெஷினை ஒப்படைக்கும்போது திகதி, குறை இரண்டையும் எழுதிய துண்டு கேளுங்கள்.

"அடுத்த கிழமை வாங்க தம்பி" என்ற பேச்சில் மயங்காதீர்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, கொடுத்த உத்தரவாதத்துக்கு ஒத்துவராத பொருளைப் பற்றி அதிகார சபைக்கு முறைப்பாடு செய்யலாம். ஆனால் பொருளை வாங்கி 3 மாதத்துக்குள், எழுத்தில் கொடுக்க வேண்டும். அட்டையில் ஒரு வருடம் என்றிருந்தாலும் இந்தக் கணக்கு வேறு. தமிழிலேயே எழுதலாம், சிங்களம் தெரியாதே என்று ஒதுங்க வேண்டாம். விபரம் கேட்க 1977 என்ற இலக்கம் இருக்கிறது. நாள் கடந்துவிட்டால் பிரதேச மத்தியஸ்த சபையில் பேசிப் பார்க்கலாம்.

வாரண்டி முடிந்தபின் பிரச்சினையில்லை. பழைய புஷ், சக்கரம், அச்சு மூன்றையும் லேத் கடைக்குக் கொண்டுபோங்கள். புஷ்ஷை மட்டும் கொடுத்தால் தேய்ந்த அளவிலேயே கடைந்து தருவார்கள், சக்கரம் மறுபடியும் ஆடும்.