தரிசு நிலத்தில் கன்று தேற வேண்டுமா? மண்ணுக்கு முதலில் உயிரூட்டுங்கள்

"குழி எடுத்தோம், கன்று நட்டோம், குடம் சுமந்து தண்ணீரும் ஊற்றினோம். பாதிக் கன்றுகூடத் தேறவில்லை" என்று மானாவாரிப் பகுதி விவசாயிகள் வருந்துவது வழக்கம். மழை பொய்த்தது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் மழை நன்றாகப் பெய்த ஆண்டிலும் கன்றுகள் வெளுத்து, வளர்ச்சியின்றி நிற்பதுண்டு. இதற்குக் காரணம் பல இடங்களில் மண்ணிலேயே உள்ளது.

தரிசில் நடப்பது என்ன?

வளமான மண்ணில் ஒரு கிராமுக்குப் பல கோடி பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. பூஞ்சாணங்களும் ஆக்டினோமைசீட்ஸ் எனப்படும் நுண்ணுயிர்களும் உடன் இருக்கும். முதல் மழையில் எழும் மண் வாசனையே இந்த ஆக்டினோமைசீட்ஸ் தருவதுதான். இவற்றின் உணவு, உதிரும் தழையும் வேர் கசியவிடும் சர்க்கரைப் பொருள்களும் ஆகும். மரம் போனால் இவ்விரண்டும் போய்விடும். கோடையில் நிழலற்ற செம்மண்ணின் மேற்பரப்பு 50 டிகிரி சென்டிகிரேடுக்கு மேலும் சூடேறும். மேல் மண்ணும் மழையில் அரித்துச் செல்லப்படும். எஞ்சிய மண்ணில் நுண்ணுயிர்கள் மிகவும் குறைந்துவிடும்.

மரம் செய்யும் வேலை

மரம் நிழல் தந்து மண்ணைக் குளிர்விக்கிறது. சருகு உதிர்த்து நுண்ணுயிர்களுக்கு உணவளிக்கிறது. பதிலுக்கு 'வேம்' எனப்படும் வேர்ப் பூஞ்சாணம், வேர் எட்டாத இடங்களிலிருந்தும் மணிச்சத்தை எடுத்துத் தருகிறது. அதன் இழைகள் மண் துகள்களைக் கட்டிப் பிடிப்பதால் அரிமானமும் குறைகிறது. வாகை, கிளைரிசிடியா போன்ற மரங்களின் வேர் முடிச்சுகளில் ரைசோபியமும், சவுக்கு வேர் முடிச்சுகளில் பிராங்கியாவும் காற்றிலுள்ள தழைச்சத்தைச் சேகரிக்கின்றன.

விழுப்புரம் மாவட்டம் வானூர் பகுதியில் ஆரோவில் அமைந்துள்ள செம்மண் மேடு இதற்கு நல்ல உதாரணம். 1968-இல் ஆரோவில் தொடங்கப்பட்டபோது அந்த மேடு பெரும்பாலும் மரமின்றி, ஓடை ஓடையாக அரிக்கப்பட்டுக் கிடந்தது. அங்கே வரப்பும் தடுப்பணையும் போட்டு மழைநீரை நிறுத்தினர். வறட்சி தாங்கும் கத்திச் சவுக்கு எனும் அகேசியா மரத்தைப் பெருமளவில் நட்டனர். அதன் நிழலும் சருகும் சேர்ந்த பின், வீரை, கருங்காலி போன்ற நம் கடலோரக் காட்டு மரங்களை வளர்த்தனர். இன்று அங்கே அடர்ந்த காடுகள் உள்ளன.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

1. நாற்றங்காலிலேயே நுண்ணுயிரைச் சேர்க்க வேண்டும். செம்மண் 2 பங்கு, மணல் 1 பங்கு, மட்கிய தொழு உரம் 1 பங்கு கலந்து பையில் நிரப்பி, ஒரு பைக்கு 10 கிராம் வேம் பூஞ்சாணத்தை வேர்ப் பகுதியில் இடலாம். அது கிடைக்காவிட்டால், அதே வகை மரம் நன்கு வளர்ந்துள்ள தோப்பில், மர அடியிலுள்ள மேல் மண்ணில் ஒரு கைப்பிடி சேர்க்கலாம். நோய் கண்ட தோப்பின் மண்ணை எடுக்கக் கூடாது.

2. பையில் சூப்பர் பாஸ்பேட்டை அதிகம் இடக் கூடாது. மணிச்சத்து மிகுந்தால் வேர்ப் பூஞ்சாணம் வேரில் நன்றாகப் பரவாது.

3. சரிவான நிலத்தில் கன்றுக்குக் கீழ்ப்புறம் பிறை வடிவில் வரப்பு அமைக்க வேண்டும். மழைநீருடன் சருகும் அங்கே தங்கும்.

4. ஒரே மரத்தை நடாமல் கலந்து நட வேண்டும். கிளைரிசிடியா தழை விரைவில் மட்கும். சவுக்கு, அகேசியா சருகுகள் மெதுவாக மட்கி, மண்ணை நீண்ட நாள் மூடி வைக்கும்.

5. கன்றைச் சுற்றி மூடாக்கு இடும்போது தண்டிலிருந்து ஒரு சாண் விலக்கி இட்டால் கரையான் சேதம் குறையும்.

6. ஆடு மாடு கடிக்காமல் முதல் மூன்று ஆண்டுகள் காக்க வேண்டும்.

வேட்டித் துணிச் சோதனை

மண்ணில் உயிர் உள்ளதா என்று அறிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. பழைய பருத்தி வேட்டியில் இரண்டு துண்டுகள் கிழித்து, மழைக்காலத்தில் ஒன்றைத் தரிசிலும் மற்றொன்றை வயதான புங்க மரத்தடியிலும் அரையடி ஆழத்தில் புதையுங்கள். இரண்டு மாதம் கழித்துத் தோண்டிப் பாருங்கள். உயிருள்ள மண்ணில் துணி இற்றுப் போயிருக்கும். தரிசில் பெரும்பாலும் துணியாகவே இருக்கும். மரம் நட்ட நிலத்தில் ஆண்டுதோறும் இதைச் செய்தால் மண் தேறுவது கண்கூடாகத் தெரியும்.

பொறுமையும் தேவை. பாக்டீரியாக்கள் சில ஆண்டுகளில் பெருகிவிடும். மட்கு சேர்ந்து மண் முழுமையாகத் தேறப் பல ஆண்டுகள் ஆகும். இதற்கிடையில் பலர் செய்யும் தவறு, தோப்புச் சருகைக் கூட்டி அள்ளிச் செங்கல் சூளைக்கு விற்பதும் தீயிடுவதும் ஆகும். கைக்கு வருவது சிறு தொகை. நிலம் இழப்பது அடுத்த பயிரின் உரம். பணமுடை இருந்தால் பக்கக் கிளைகளை விறகாக விற்கலாம். சருகு மண்ணிலேயே கிடக்கட்டும்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே குழிகளைத் தயார் செய்யுங்கள். வேம் பூஞ்சாணம் கிடைக்குமிடம் பற்றி அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகி விவரம் பெறலாம்.