இலவம் வைக்க முதலில் இடம் பாருங்கள்

இலவம் போலவே கிடுகிடுவென வளரும், இலையுதிர்க்கும், பஞ்சும் பறக்கவிடும் என்று யாராவது பாப்லர் கன்றைச் சொன்னால் வாங்காதீர்கள். பஞ்சாப், ஹரியானா பக்கத்துக் குளிர்காலத்துக்குப் பழகிய மரம் அது. நம் சிங்கப்பெருமாள் கோவில் ஊர்ப்பக்கத்து வெயிலுக்கு இலவம்தான் சரி.

மரத்தை அடையாளம் காண நல்ல சமயம் மாசி. இலை முழுக்க உதிர்ந்து, சாண் நீளக் காய்கள் மட்டும் தொங்கினால் இலவம். கிளைகள் தண்டைச் சுற்றி அடுக்கடுக்காகப் படுக்கைவாட்டில் நீளும். இளந்தண்டில் முள் இருக்கலாம். அதை மட்டும் வைத்து முள்ளிலவு என்று முடிவுகட்டாதீர்கள். முள்ளிலவுக்குக் கையகலச் சிவப்புப் பூ. இலவம்பூ சிறியது, வெளிறியது, இரவில் மலர்வது. தேனுக்கு வௌவால் வரும். கிளி காத்து ஏமாந்த மரத்தில் வௌவாலுக்கு விருந்து!

பங்குனி, சித்திரையில் பழுப்பேறிய காயைத் துறட்டியால் பறித்து உடையுங்கள். மூக்கில் துணி கட்டிக்கொள்வது நல்லது. பஞ்சுக்குள் மிளகளவில் கறுப்பு விதைகள் உதிரியாகக் கிடக்கும். ஓர் இரவு ஊறவைத்து, செம்மண்ணும் மணலும் தொழுவுரமும் கலந்த பையில் அரை அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். போத்து வெட்டி நட்டாலும் துளிர்க்கும். ஆனால் விதைக்கன்று ஆழமாக வேர்விடும். 2016 டிசம்பரில் வர்தா புயல் சாய்த்த மரங்களைப் பார்த்தவர்கள் போத்துக்கு அவசரப்பட மாட்டார்கள்.

இடம்தான் முக்கியம். வீட்டிலிருந்தும் மின்கம்பியிலிருந்தும் 30 அடியாவது தள்ளி நடுங்கள். மென்மரம் என்பதால் கிளை காற்றில் முறியும்; வயதானால் அடியில் பலகை வேர் புடைக்கும். அரை கிரவுண்டு மனைக்காரர்கள் ஆசையை விட்டுவிடலாம். ஏரிக்கரைப் பள்ளமும் ஆகாது, ஐப்பசித் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும்.

புரட்டாசியில் 2 அடிக் குழி வெட்டி, மக்கிய எருவிட்டு, மழை பிடிக்குமுன் நட்டு முள்வேலி போடுங்கள், ஆடு விட்டுவைக்காது. முதல் இரண்டு கோடைக்குத் தண்ணீர் ஊற்றினால் போதும்.

நாலைந்து வருடத்தில் காய்ப்பு தொடங்கும். அருகில் வெண்டை போடாதீர்கள். இலவ விதைக்கு வரும் செம்பூச்சி அதிலும் ஏறும். காயை வெடிக்குமுன் பறித்துவிட்டால் பூச்சியும் குறையும், பக்கத்து மொட்டைமாடி வடகத்தில் பஞ்சும் ஒட்டாது.