சங்கக் கணக்கும் கணினியும்

கூட்டுறவுச் சங்கத்தின் மூலதனம் பங்குத் தொகை மட்டுமன்று. அங்கத்தினரைப் பற்றிச் சங்கம் பதிந்து வைத்துள்ள விவரங்களும் மூலதனமேயாகும். 1904-ஆம் ஆண்டில், அந்நாளைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூரில் விவசாயக் கடன் சங்கம் தோன்றியது. அக்காலத்துச் சங்கக் கணக்குகள் பேரேட்டில் அடங்கின. 2022-இல் மத்திய அரசு 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களைக் கணினி வழிக்குக் கொண்டுவர 2,516 கோடி ரூபாய்த் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. கணினியில் ஒழுங்காகத் தொகுக்கப்பட்ட விவரங்களைத் தரவுத்தளம் என்கிறோம். அதனை நன்கு அமைப்பதும், அங்கத்தினர் பெருகுங்கால் விரிவாக்குவதும் எவ்வாறு என்பதே இப்பாடம்.

கருவி புதிது, ஆனால் கலை பழையது. இதற்கு நம் ஜில்லாவிலேயே சான்று உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி ஆர்க்காட்டு நவாபிடமிருந்து பெற்ற செங்கற்பட்டு ஜாகீரில், 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்னும் பொறியாளர் ஏறத்தாழ 2,000 ஊர்களின் விவரங்களைத் திரட்டினார். வீடுகள், நிலம், ஏரி, தோப்பு, விளைச்சல், விளைச்சலில் கோயிலுக்கும் ஊர்த் தொழிலாளருக்கும் உரிய பங்கு ஆகியவை ஊர்தோறும் பதிவாயின. தமிழ் ஓலைகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும், ஆங்கிலச் சுருக்கங்கள் சென்னை ஆவணக் காப்பகத்திலும் உள்ளன. இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னும் ஆராய்ச்சியாளர் ஊருக்கு ஊர் ஒப்பிட்டுக் கூட்டிப் பார்க்க இயன்றதற்குக் காரணம், எல்லா ஊர்க்கும் ஒரே வகை வினாக்கள் கேட்கப்பட்டமையே. வடிவம் ஒன்றாயிருப்பின், அளவு பெருகினும் கணக்கு குழம்பாது.

இனி நாம் கைக்கொள்ள வேண்டிய விதிகளைக் காண்போம்.

முதலாவது, அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் தனி எண் ஒன்று வேண்டும். ஒரே தெருவில் ஒரே பெயருடையோர் நால்வர் இருக்கலாம். எண் ஒருவருக்கே உரியது. அவர் விலகினாலும் அவ்வெண்ணைப் பிறர்க்குத் தரலாகாது. 2021-இல் தமிழ்நாடு அரசு கூட்டுறவு நிறுவனங்களில் ஐந்து பவுனுக்கு உட்பட்ட நகைக் கடன்களைத் தள்ளுபடி செய்தபோது, தகுதி குடும்பவாரியாகக் கணக்கிடப்பட்டது. குடும்ப அட்டை எண்ணையோ ஆதார் எண்ணையோ தவறாகத் தந்தவர்கள் தகுதியற்றோர் பட்டியலில் வைக்கப்பட்டனர். ஓர் இலக்கம் பிழைத்தாலும் ஒரு குடும்பத்தின் சலுகை தடைப்படும் என்பதை எழுத்தர் மறத்தலாகாது.

இரண்டாவது, ஒரு செய்தியை ஓரிடத்திலேயே பதிதல் வேண்டும். முகவரியைக் கடன் ஏட்டிலும், கூலி ஏட்டிலும், பங்கு ஏட்டிலும் தனித்தனியே எழுதினால், ஒன்றைத் திருத்தும்போது மற்றவை பழையவாறே நின்றுவிடும். அங்கத்தினர் ஏட்டில் ஒருமுறை எழுதி, மற்ற ஏடுகளில் அங்கத்தினர் எண்ணை மட்டும் குறித்தலே முறை.

மூன்றாவது, இரட்டைப் பதிவின் இரு பகுதிகளும் சேர்ந்தே நிறைவேற வேண்டும். நெசவாளருக்குப் பத்துக் கிலோ நூல் வழங்கும்போது சங்கத்தின் இருப்பில் பத்துக் கிலோ குறைய வேண்டும். அவர் கணக்கில் பத்துக் கிலோ ஏற வேண்டும். இடையில் மின்சாரம் நின்றுபோனால், இரண்டும் நடந்திருக்க வேண்டும், அல்லது இரண்டுமே நடவாதிருக்க வேண்டும். நல்ல தரவுத்தளம் இதற்கு உறுதி தரும். தனித்தனி அட்டவணைத் தாள்களில் கணக்கு வைப்போர்க்கு அவ்வுறுதி இல்லை.

நான்காவது, விரிவாக்கும் வரிசை. கணினி மந்தமாயிற்று என்றவுடன் பெரிய இயந்திரம் வாங்க முற்படுதல் வீண் செலவு. எந்த வினாவுக்கு விடை தாமதமாகிறது என்பதை முதலில் அளந்தறிய வேண்டும். பெரும்பாலும் சுட்டி அட்டவணை இல்லாமையே காரணமாயிருக்கும். புத்தகத்தின் பின்னுள்ள சொல்லடைவு போன்ற அது இருந்தால், எல்லாப் பக்கங்களையும் புரட்ட வேண்டியதில்லை. ஆயினும் ஒவ்வொரு புதிய பதிவையும் சுட்டியிலும் எழுத வேண்டியிருப்பதால், மிகுதியான சுட்டிகள் பதிவைத் தாமதப்படுத்தும். தேவைப்படுவனவற்றை மட்டும் வைக்க. அடுத்து, தணிக்கை முடிந்த பழைய ஆண்டுகளைத் தனித் தொகுப்பில் பாதுகாத்து வைக்கலாம். பின்னும் போதாவிடில் பெரிய இயந்திரம். அதன்பின், பார்வையிடுவதற்கு மட்டுமான ஒரு பிரதி. கிளைவாரியாகக் கணக்கைப் பல இயந்திரங்களில் பிரித்தல் கடைசி வழி. இரு கிளைகளில் வரவு செலவு வைத்துள்ள ஒருவரின் மொத்த பாக்கியைக் காண்பது அப்போது கடினமாகும்.

ஐந்தாவது, காப்புப் பிரதி. உடனுக்குடன் மாறும் பிரதி காப்பாகாது. மூலத்தில் தவறாக அழித்தது அதிலும் அழிந்துவிடும். நாள்தோறும் தனியே எடுத்து வைத்த பிரதி வேண்டும். அதுவும் வேறோர் ஊரில் இருத்தல் நலம். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை இக்கடற்கரையைத் தாக்கியது. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டிக் கரை கடந்தது. கடலோரச் சங்கத்தின் பிரதி உள்நாட்டிலும், ஏரிக்கரைச் சங்கத்தின் பிரதி மேட்டு நிலத்திலும் இருக்கட்டும். மூன்று மாதத்திற்கு ஒருமுறை அப்பிரதியை வேறொரு கணினியில் ஏற்றி, மொத்தத் தொகை பேரேட்டுடன் ஒத்துவருகிறதா எனச் சரிபார்த்தல் வேண்டும். மீட்டுப் பாராத பிரதியை நம்புதல், முளைப்புத் திறன் பாராத விதையை நம்பி வயல் உழுவதை ஒக்கும்.

இவையெல்லாம் எழுத்தர் வேலை என்று அங்கத்தினர் ஒதுங்கியிருத்தல் தகாது. கடனும் கூலியும் அவர்களுடையவை. அடுத்த மகாசபையில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: என் கணக்கை யார் யார் திருத்த இயலும்? திருத்தியவர் பெயரும் நேரமும் பதிவாகின்றனவா? காப்புப் பிரதியைக் கடைசியாக மீட்டுப் பார்த்தது எந்நாள்? இம்மூன்றுக்கும் தெளிவான விடை கூறும் சங்கம், அங்கத்தினர் நூற்றுவராயினும் பதினாயிரவராயினும் தளராது நடைபெறும்.