முதல் வாரத்தில் குறையும் எடை

கேழ்வரகுக் களி உண்டு கழனியில் உழைத்த மத்திகிரிப் பகுதியில், இன்று ஆலைப் பணியில் அமர்ந்தோர் பலர். உடல் பருத்ததும் உணவைக் குறைக்கின்றனர். முதல் வாரத்திலேயே 2 கிலோ குறைய மகிழ்கின்றனர். பின்னர்த் தராசு முள் அசையாதபோது மனந்தளர்ந்து கைவிடுகின்றனர். இதன் காரணத்தைக் காண்போம்.

நாம் உண்ணும் மாவுப்பொருளில் ஒரு பகுதி கிளைக்கோஜன் என்னும் சேமிப்பாகக் கல்லீரலில் சுமார் 100 கிராமும், தசைகளில் சுமார் 400 கிராமும் தங்குகிறது. அதன் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ 3 கிராம் நீரைப் பிணைத்து வைத்திருக்கும். உணவு குறைந்ததும் உடல் முதலில் இச்சேமிப்பையே பெரிதும் செலவிட, பிணைந்திருந்த நீரும் வெளியேறுகிறது. எனவே முதலில் குறைவதில் பெரும்பகுதி நீரே. 1 கிலோ கொழுப்புக் கரைய ஏறத்தாழ 7,700 கலோரி குறைய வேண்டும். நாளும் 500 கலோரி குறைத்தாலும் இரு வாரங்களுக்கு மேலாகும்.

நோன்பு முடித்துப் பாரணை செய்தபின் எடை விரைந்து மீள்வதும் இதனாலேயே, அது தோல்வியன்று. சர்க்கரை நோய்க்கு மருந்துண்போர் மருத்துவரைக் கேளாது உணவைக் குறைத்தலாகாது.

புறத்தவம் ஆறனுள் ஒன்றாகிய அவமௌதரியம், வயிறு நிறைய உண்ணாமையைக் கற்பிக்கிறது. அதனை நாள்தோறும் பொறுமையுடன் கைக்கொள்வோமாக.